அந்த வாசனை சங்குக்குத்தான் தெரியும்

கடலிலிருந்து எடுத்தவுடன் சங்கு வெள்ளையாக இருக்காது. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்துக் கரையில் கொட்டுகிற சங்கின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தோல் மூடியிருக்கும். அதைச் சுரண்டி, கழுவி, தேய்த்த பிறகுதான் பூஜையறையில் நாம் வைத்திருக்கும் வெண்சங்கு வெளியே வரும். தூத்துக்குடியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில் அப்படித் தோலோடு இருந்த ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். "இதுவா சங்கு?" என்று கேட்டேன். "இதேதான் அக்கா. தோலை எடுத்துட்டா நீங்க கும்பிடுற சங்கு" என்றார் அதைக் கொடுத்த தம்பி. விரலில் பாசி நாற்றம் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை போகவில்லை.

ஆண்டாளின் ஒரு பாட்டை அதற்குப் பிறகுதான் நான் நின்று நிதானமாகப் படித்தேன்.

ஆண்டாள் என்றால் நம் எல்லோருக்கும் திருப்பாவைதான். மார்கழி முழுக்க விடியலில் ஒலிபெருக்கி சொல்லிக் கொடுத்துவிடுகிறது. அவள் பாடிய இன்னொன்று நாச்சியார் திருமொழி. 14 பதிகங்கள், 143 பாட்டு. அதில் கல்யாண வீடுகளில் பாடுகிற கனவுப் பதிகம் ஒன்றுதான் வெளியே நன்றாகத் தெரியும். அந்தக் கனவுக்கு அடுத்து வரும் ஏழாவது பதிகத்தைத்தான் சொல்ல வந்தேன். மொத்தமே பத்துப் பாட்டு. ஒரு பெண் கண்ணன் கையிலிருக்கும் சங்கோடு பேசுகிறாள். விஷயம் அவ்வளவுதான்.

முதல் பாட்டிலேயே கேள்வி வந்துவிடுகிறது. அவன் வாய்க்கு என்ன மணம், என்ன ருசி? கற்பூரம், தாமரை என்று இரண்டு மணத்தை எடுத்து நீட்டுகிறாள். எது என்று நீ சொல், ஆசையாகக் கேட்கிறேன் என்கிறாள். கண்ணனிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்பது சங்கிடம். அவன் வாயில் வாய் வைத்தது அதுதானே!

கற்பூரம் என்றதும் சூடத் தட்டு நினைவுக்கு வரும். இது அது இல்லை. பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் தாம்பூலத்திலும் சேர்க்கிற பச்சைக் கற்பூரம். நம் ஊரில் விளைகிற பொருள் அல்ல. அந்தக் காலத்தில் அது சுமத்ரா பக்கத்துக் காட்டு மரங்களிலிருந்து கப்பலேறி வந்தது. அங்கே கற்பூரத்துக்குப் பேர்போன பாரூஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் 1088-ஆம் ஆண்டில் தமிழ் வணிகர்களான ஐந்நூற்றுவர் வெட்டி வைத்த தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. ஆண்டாள் அதற்கும் முந்தியவள். ஆக, அவள் நீட்டும் இரண்டில் ஒன்று கடல் தாண்டி வந்த விலை உயர்ந்த சரக்கு. இன்னொன்று ஊர்க் குளத்தில் பூக்கிற தாமரை. அவன் எட்டாத உயரத்தில் இருப்பவனா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்ற சந்தேகமும் அந்த மணங்களுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உரைக்காரர்கள் இப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டால், இது என் கணக்கு.

நான் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. ராஜபாளையத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். ஒரு நூல் மில்லில் லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் ஊர்ப் பக்கம் நூல் மில்லும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும்தான் பிழைப்பு என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். லேப்பில் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. நூலைக் கருப்பு அட்டையில் ஒரே சீரான இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டும். அதை விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி, பக்கத்தில் இருக்கும் ஸ்டாண்டர்டு போட்டோக்களோடு ஒப்பிட்டு, ஏ, பி, சி, டி என்று கிரேடு போட வேண்டும். அப்பியரன்ஸ் போர்டு என்போம். கோனில் பார்த்தால் பால் மாதிரி இருக்கிற நூல், போர்டில் ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இங்கே தடிப்பு, அங்கே மெலிவு, நடுவில் பஞ்சு முடிச்சு. நூல் மாறவில்லை, பின்னால் கருப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆண்டாள் சங்குக்குச் செய்வதும் இதையேதான். முதல் பாட்டில் அது வெண்சங்கு. இரண்டாம் பாட்டில் அதன் பின்னால் கருப்பை வைக்கிறாள். நீ கடலில் பிறந்தாய், பஞ்சசனன் என்ற அசுரனின் உடம்பில் வளர்ந்தாய் என்று நினைவுபடுத்துகிறாள். கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும்: குருவின் மகனைத் தேடிக் கடலுக்குள் போன கண்ணன் அந்த அசுரனைக் கொன்று எடுத்த சங்கு அது. பாஞ்சசன்னியம் என்ற பெயரே அப்படி வந்ததுதான். அசுரன் உடம்பிலிருந்து வந்தது இப்போது அசுரர்கள் நடுங்கும்படி முழங்குகிறது. மூன்றாம் பாட்டில் மறுபடியும் வெளிச்சம்: சரத்கால முழுநிலா மலைமேல் ஏறியது போல அவன் கையில் குடியேறிவிட்டாயே என்கிறாள். வெள்ளை, இருட்டு, மறுபடியும் வெள்ளை. மூன்றே பாட்டு. ஆனால் மூன்றாவதில் வரும் வெள்ளையை முதல் வெள்ளையைப் போல நம்பிப் பார்க்க முடியாது.

நாலாம் பாட்டுக்கு வந்தால் அவள் கண் எவ்வளவு கூர்மை என்று தெரியும். நின்ற கோலத்தில் இருக்கிற பெருமாளைப் பார்த்திருப்பீர்கள். இடது மேல்கையில் சங்கு, தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில். நாம் அதைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். அவளுக்கு அது காதோடு ஏதோ ரகசியம் பேசுவது போலப் படுகிறது. என்ன பேசுகிறது? பாட்டு சொல்லவில்லை. பார்ப்பவளுக்குக் காட்சி மட்டும்தான். பேச்சு அவர்கள் இரண்டு பேருக்குள்.

அதற்குப் பிறகு புகழ்ச்சியோடு புகைச்சலும் சேர்கிறது. உன்னோடு அதே கடலில் எத்தனையோ கிடந்தன, யாருக்கு இந்த யோகம்? நீ புண்ணிய நதிக்கெல்லாம் அலைய வேண்டாம், நீராடும் தீர்த்தமே அவன் வாயில் இருக்கிறது. அவன் உள்ளங்கையில் படுக்கை. சாப்பாடு அவன் வாயமுது. பெண்கள் எல்லாம் உன்மேல் சண்டைக்கு வருகிறார்கள். பதினாறாயிரம் பேர் காத்திருக்க, பொதுவில் இருப்பதை நீ ஒருத்தியே உண்டால் அவர்கள் கோபிக்க மாட்டார்களா? ஒன்பதாம் பாட்டில் இப்படி நியாயம் கேட்கிறாள். பத்தாம் பாட்டு முத்திரைப் பாட்டு: கோதை பாடினாள், இதைப் படிப்பவர்கள் அவனுக்கு நெருங்கியவர்கள் ஆவார்கள். முடிந்தது.

முதல் பாட்டில் கேட்டாளே, கற்பூரமா தாமரையா என்று? அதைப் பற்றிப் பேச்சே இல்லை!

முதல் தடவை படித்தபோது நான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், எங்கேயோ பதிலை விட்டுவிட்டேனோ என்று. அடுத்த பக்கத்தில் எட்டாம் பதிகத்து மேகம் வந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிப் பக்கம் ஒரு டீச்சர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். மாதத்தில் ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்து எதையாவது வாசிப்போம். அவரிடம் கேட்டேன்.

"டீச்சர், சங்கு கடைசி வரைக்கும் வாயே திறக்கலையே?"

"அது திறந்திருந்தா ரெண்டாம் பாட்டு எதுக்கும்மா?"

பிறகு உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். வகுப்பில் அகப்பொருள் நடத்திய குறிப்பு. தமிழில் காதல் பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு என்று அன்று விளக்கினார். தலைவன் தலைவியை முதலில் பார்ப்பது காட்சி. பார்த்ததும் வருவது ஐயம்: இவள் தேவமகளா, மனுஷியா? அடுத்து தெளிவு. எப்படித் தெளிவான்? தொல்காப்பியம் பட்டியலே போட்டிருக்கிறது. சூடிய பூவில் வண்டு மொய்க்கிறது, கண் இமைக்கிறது, அஞ்சி ஒதுங்குகிறாள், தோளில் எழுதிய கோலம் தெரிகிறது, கையால் செய்த நகை போட்டிருக்கிறாள். தேவலோகத்துப் பூ வாடாது, அதில் வண்டு உட்காராது, தேவர்கள் கண் இமைப்பதில்லை என்று ஒரு நம்பிக்கை. ஆகவே இவள் மனுஷிதான். சந்தேகம் தீர்ந்தது, மேலே நடக்கட்டும்.

திருக்குறளில் காமத்துப்பால் தொடங்குவதும் இந்தச் சந்தேகத்தில்தான். 1081-ஆம் குறள். அணங்கா, மயிலா, பெண்ணா என்று மூன்றில் எதுவென்று தெரியாமல் ஒருவன் மனம் தடுமாறுகிறது. ஏழே சீர்களில் மூன்று சாத்தியங்களைக் காட்டி, அவன் மயங்கி நிற்கிற இடத்திலேயே வள்ளுவர் விட்டுவிடுகிறார். தெளிவு அந்தக் குறளுக்குள் வருவதில்லை. ஆனால் அந்த வரிசை தெரிந்த வாசகனுக்குக் கவலை இல்லை. அடுத்தது தெளிவுதான் என்று அவனுக்குத் தெரியும். பெண் எதிரே நிற்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள், அடுத்த குறளிலேயே அந்தப் பார்வை படையோடு வந்து தாக்குகிறது.

"இப்ப ஆண்டாளைப் பாரு" என்றார் டீச்சர். "சந்தேகப்படுறது பொண்ணு. எதிரே ஆளே இல்ல. இமைக்குதா, பூ வாடுதான்னு பார்க்க வழியில்ல. சாட்சிக்கு ஒரு சங்கு. அதுவும் அவன் ஊதினாத்தான் சத்தம் போடும்."

எனக்கு அன்றிலிருந்து அந்தப் பதிகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பார்க்கிற ஆண், பார்க்கப்படுகிற பெண் என்று பல நூற்றாண்டாக இருந்த இடத்தை ஒரு பெண் மாற்றி உட்கார்ந்திருக்கிறாள். மாறி உட்கார்ந்ததும் தெளிவு என்கிற அடுத்த படி காணாமல் போய்விட்டது. அவள் கேட்பதும் கண்ணால் தீர்க்கிற விஷயமாக இல்லை. மணமும் ருசியும் தூரத்திலிருந்து தெரியாது. எவ்வளவு நேரம் பார்த்தாலும், எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும், பக்கத்தில் போகாமல் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கேட்கிறாள். கெட்டிக்காரி.

நாச்சியார் திருமொழியை வரிசையாகப் படித்தால் இந்தத் தெரியாமை நாலாம் பதிகத்திலேயே ஆரம்பித்துவிடுவது தெரியும். அது கூடல் இழைக்கிற பாட்டு. அந்தக் காலத்துப் பெண்கள் பார்த்த குறி அது. கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் வட்டம் போட வேண்டும். தொடங்கிய முனையும் முடிந்த முனையும் சேர்ந்தால் அவன் வருவான். சின்னச் சின்ன வட்டமாகப் போட்டு, இரண்டிரண்டாகக் கழித்து, இரட்டைப்படையில் முடிந்தால் வருவான் என்று பார்க்கிற முறையும் உண்டு. அவன் வருவான் என்றால் நீ கூடிவிடு, கூடிவிடு என்று பாட்டுக்குப் பாட்டு வட்டத்தைக் கெஞ்சுகிறாள். கண்ணைத் திறந்து பார்த்தாளா? கூடியதா? அங்கும் மூச்சு விடவில்லை. ஐந்தாவதில் குயிலிடம் போகிறாள், அவனை வரச் சொல்லிக் கூவு என்று.

ஆறாவதில்தான் எல்லாம் கிடைக்கிறது. ஆனை வரிசை, பந்தல், புண்ணிய தீர்த்தம், மத்தளம், கைத்தலம் பற்றுவது, அம்மி மிதிப்பது, பொரியிடுவது என்று ஒரு சடங்கு விடாமல் கல்யாணம். ஒரு வீட்டுக் கல்யாணத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள்தான் இப்படி எழுத முடியும். ஆனால் பத்துப் பாட்டும் இது நான் கண்ட கனவு என்று தோழியிடம் சொல்லியே முடிகின்றன. நம் கல்யாண மண்டபங்களில் இதைப் பாடும்போது அந்தக் கடைசி வார்த்தைகள் மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழுவதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். கைத்தலம் பற்றுகிற அந்தக் கனவுப் பாட்டில் சங்கு ஊதுகிறார்கள். கனவு கலைந்தது. அடுத்த பதிகத்தில் அவள் பேசுவது சங்கோடு. இந்த வரிசை யார் வைத்ததாக இருந்தாலும் கெட்டியான வரிசை. கனவில் ஒலித்த சங்கை, விழித்த பிறகு விசாரிக்கிறாள்.

இனி ஊருக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் இந்தச் சந்தேகத்தையெல்லாம் வைத்துக்கொள்வதே இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்துவிட்ட ஊர் அது. ஆண்டாள் சன்னதிக்குப் போனால் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் கருடனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கல்யாணம் முடிந்த தம்பதி. பங்குனி உத்திரத்தில் வருஷா வருஷம் திருக்கல்யாணம். ஆடிப்பூரத்தில் பிறந்தநாள், பெரிய தேர். திருப்பதி பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்கு இங்கிருந்து மாலை போகிறது, சித்திரையில் மதுரைக்கு அழகருக்கும் போகிறது. பாட்டில் கூடியதா இல்லையா என்று தெரியாத வட்டத்தை ஊர் நன்றாகவே கூட்டிவிட்டது. எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு பெண் அவ்வளவு ஏங்கிப் பாடியதைக் கேட்டுவிட்டு ஊர்க்காரர்கள் சும்மா இருக்க முடியுமா? கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிட்டார்கள்.

கோயிலுக்குள் ஒரு கிணறு இருக்கிறது. கண்ணாடிக் கிணறு என்பார்கள். பெருமாளுக்குக் கட்டிய மாலையை அப்பா பெரியாழ்வாருக்குத் தெரியாமல் தன் கழுத்தில் போட்டு, பொருத்தமாக இருக்கிறதா என்று ஆண்டாள் அதில் முகம் பார்த்தாள் என்பது கதை. மாலையில் சிக்கியிருந்த ஒரு தலைமுடிதான் அவளைக் காட்டிக்கொடுத்தது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். டீச்சரின் நோட்டைப் பார்த்த பிறகு இந்த முடி எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. தொல்காப்பியத் தலைவன் பூவையும் வண்டையும் பார்த்துத் தெளிகிறான், பெரியாழ்வார் முடியைப் பார்த்துத் தெளிகிறார். சாட்சி எப்போதும் பெண் பக்கத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. அவள் தேடும்போதுதான் ஒன்றும் கிடைப்பதில்லை.

அவள் கையிலிருக்கும் கிளியையும் சொல்ல வேண்டும். தினம் ஒரு கிளி புதிதாகச் செய்கிறார்கள். உடம்பு மரவள்ளி இலை, மூக்கு மாதுளம்பூ, சிறகுக்கு நந்தியாவட்டை இலை, கண்ணுக்குக் காக்காப்பொன், கட்டுவதற்கு வாழைநார். மணிக்கணக்காகிற வேலை. சாயங்காலம் அது அவள் இடக்கைக்குப் போகும். மறுநாள் பக்தர் யாருக்காவது கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஒன்றை டீச்சர் வீட்டில் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். சன்னதியில் தூரத்திலிருந்து பார்த்தபோது இப்போது பேசிவிடும் போல இருந்தது. கையில் எடுத்தால் இலையின் நரம்பு நரம்பாகத் தெரிகிறது, ஓரம் லேசாகச் சுருள ஆரம்பித்திருக்கிறது, நார் முடிச்சு கழுத்துக்குக் கீழே சாமர்த்தியமாக ஒளிந்திருக்கிறது. லேப்காரியின் புத்தி, முடிச்சைத்தான் முதலில் தேடியது.

எங்கள் ஜில்லாவில் காட்சியைப் பற்றிய வழக்குகளுக்குக் குறைவில்லை. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரம் என்றே நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பதினொரு நிலை, 190 அடிக்கு மேல். ஆனால் முத்திரையை வரைந்த ஓவியர் கிருஷ்ணராவ் மதுரை மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தினம் எத்தனையோ லட்சம் காகிதத்தில் விழுகிற படம் எந்தக் கோபுரம் என்பதில்கூட ஒரு முடிவு இல்லை. நான் எங்கள் பக்கம்தான், அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது.

ஆண்டாள் யார் என்பதே இதைவிடப் பெரிய வழக்கு. திருப்பாவையில் ஒரு பாட்டில் வெள்ளி எழுந்து வியாழன் உறங்கியதாகச் சொல்கிறாள். அந்த ஒரு வானக் காட்சியை வைத்து மு. இராகவையங்கார் கணக்குப் போட்டு 731-ஆம் ஆண்டு என்றார். வேறு சிலர் அதே காட்சியை வைத்து ஒன்பதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்படி ஒரு பெண்ணே இல்லை, பெரியாழ்வாரே மகளாகத் தன்னைப் பாவித்துப் பாடியிருக்கலாம் என்று ராஜாஜி எழுதியதும் உண்டு. 2018 ஜனவரியில் எங்கள் ராஜபாளையத்தில் ஒரு பெரிய கவிஞர் அவளைப் பற்றிப் பேசிய பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அவள் பிறப்பைப் பற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாதக்கணக்கில் பேசினார்கள். எங்கள் தெருவில்கூடப் பேச்சு அதுதான். சங்குப் பதிகத்தை ஒருவர் எடுத்துப் படித்ததாக எனக்கு நினைவில்லை. பிறப்பு ஒருபுறம் இருக்கட்டும், பாடியது கையில் இருக்கிறதே!

வீட்டில் தெலுங்கு பேசுகிறவள் என்பதால் இன்னொரு புத்தகத்தையும் சொல்லாமல் போகக் கூடாது. விஜயநகரத்து கிருஷ்ணதேவராயர் 16-ஆம் நூற்றாண்டில் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் ஆமுக்தமால்யத என்று காவியமாக்கினார். எண்ணூறுக்கு மேல் பாட்டு. வில்லிபுத்தூர் வீதி, குளம், பெண்கள், மழைக்காலம், வெயில்காலம், பெரியாழ்வார் அரசவையில் வாதம் செய்தது என்று பேரரசர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் ஆண்டாளைத் தேட வேண்டியிருக்கும். கடினமான தெலுங்கு. உரை இல்லாமல் எனக்கு ஓடாது. ஆனால் அதில் ஊர் இருக்கிறது. மழையில் நனைந்த வில்லிபுத்தூரை அதில் முகர்ந்தே பார்க்கலாம்.

சங்குப் பதிகத்தில் ஊர்க் காட்சியே இல்லை. ஒரு தெரு, ஒரு வீடு, அவள் உட்கார்ந்திருக்கிற இடம், என்ன வேளை, எதுவும் கிடையாது. ஒரு சங்கு, ஒரு வாய், ஒரு கேள்வி. காவியத்துக்கு இடம் நிறைய. கேள்வி வந்தால் பதிலையும் எங்காவது உட்கார வைத்துவிடும், பத்துப் படலம் தாண்டியாவது கல்யாணத்தைக் கொண்டுவந்துவிடும். ராயர் கொண்டுவருகிறார். சின்னப் பாட்டுக்கு அந்த வசதி இல்லை. அது கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடுகிறது. சின்னதாக இருப்பதால் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்ட அதற்கு நேரமில்லை.

பெரியவாச்சான் பிள்ளையின் உரை அந்தப் பதிகத்துக்கு இருக்கிறது. மணிப்பிரவாள நடை, எனக்குத் தத்தித் தத்தித்தான் படிக்க முடியும். பக்தியோடு படிக்கிறவர்களுக்குச் சங்கு வெறும் பொருள் இல்லை. எப்போதும் அவனைப் பிரியாத அடியார் அது. அடியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது முறை. அப்படிப் பார்த்தால் கேள்விக்கு மரியாதை கூடுகிறது. என்றாலும் அடியார் வாய் திறக்கவில்லை என்பது மாறவில்லை. டீச்சர் பக்தை. நான் கோயிலுக்குப் போவேன், ஆனால் எல்லாவற்றிலும் முடிச்சு தேடுவேன். இந்த ஒரு இடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வருவதில்லை.

எட்டாம் பதிகத்தில் அவள் மேகங்களைப் பிடித்துக்கொள்கிறாள் என்றேன். நீலத் துணி விரித்தது போல வருகிறீர்களே, உங்களோடு அவனும் வந்தானா என்று முதல் கேள்வி. மேகம் பெய்கிறது, பதில் இல்லை. இப்படியே போய்ப் பதினாலாவது பதிகத்தில், நூல் முடிகிற இடத்தில், முதல் தடவையாக ஒரு பதில் வருகிறது. அவனை இங்கே பார்த்தீர்களா என்று ஒரு குரல் கேட்கிறது. பார்த்தோம், பிருந்தாவனத்தில் பார்த்தோம் என்று ஒரு குரல் சொல்கிறது. பாட்டுக்குப் பாட்டு அப்படியே. இரண்டு கூட்டமாக ஆய்ச்சியர் பேசிக்கொள்வதாக உரை சொல்லும். கேட்கிறவளும் அவளே, சொல்கிறவளும் அவளே என்று டீச்சர் சொல்வார். எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. குரல் யாருடையது என்று பாட்டு பெயர் எழுதி வைக்கவில்லை.

சென்ற மாதம் திண்ணையில் அந்தக் கடைசிப் பதிகத்தைப் படித்தோம். கல்லூரி போகிற டீச்சரின் பேத்தியும் உட்கார்ந்திருந்தாள்.

"ஆச்சி, கடைசியில கண்டுபிடிச்சுட்டாங்கல்ல? அப்புறம் என்ன?"

"என்னத்தக் கண்டுபிடிச்சாங்க, சொல்லு."

அவள் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "வெயில் படாம மேல கருடன் சிறகை விரிச்சு வர்றது, மஞ்சள் துணி, கறுப்பு உடம்பு..." என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லாம் கண்ணால் பார்த்தது. அவன் வாய் மணத்தைப் பற்றி யாரும் அங்கேயும் சொல்லவில்லை.